அரைச் சாண் புல்லை விட்டு வைப்போம்

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில், ஒரு புல்லை ஒழிப்பதற்காகத் தன்னார்வலர்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவு ஏறுகிறார்கள். அங்கே சாகுவாரோ என்று ஆளுயரத்துக்குப் பல மடங்கு வளரும் கள்ளி உண்டு. அந்தக் கள்ளிக்கென்றே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. மேய்ச்சலுக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் போன நூற்றாண்டில் கொண்டுபோய் விதைத்த ஒரு புல், அந்தப் பாலைவனத்துக்குள் புகுந்து, காய்ந்து, தீப்பிடித்து, தீயே அறியாத கள்ளிகளை எரிக்கிறது. அறுத்துப் பார்த்தார்கள், சாகவில்லை. அறுத்த இடத்திலேயே மறுபடி தழைக்கிறது. தூரோடு தோண்டி எடுத்தால்தான் உண்டு என்று கடப்பாரை பிடித்திருக்கிறார்கள்.

அந்தப் புல் வேறு எதுவுமில்லை. நம்ம கொழுக்கட்டைப்புல்தான்.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஒரு பக்கம் பெருமை, இன்னொரு பக்கம் வயிற்றெரிச்சல். அரிசோனாவில் வெட்டினாலும் சாகாத புல், காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துக் கொரங்காடுகளில் மட்டும் ஏன் தூர் தூராகச் செத்துக்கொண்டிருக்கிறது? மழை இல்லை என்பார்கள். மழை எங்களுக்கு என்றைக்கு இருந்தது? மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற ஊர்கள் இவை. மழை குறைவு என்பதால்தானே முன்னோர் இங்கே வெள்ளாமைக்குப் பதில் புல்லை நம்பினார்கள்?

தஞ்சாவூர், நாகைப் பக்கத்து வாசகர்களுக்காக நாலு வரி. கொரங்காடு என்பது நாலாப் பக்கமும் கிளுவை உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம். புறம்போக்கு இல்லை, தனியார் பட்டா பூமி. உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், அடியில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே நரிப்பயறு மாதிரிக் கொடிகள். காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறியும் இந்தக் காடுகளில் வளர்ந்த இனங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் எழும்பும், மார்கழி, தையில் கதிர் தள்ளி விதை உதிர்க்கும், மாசிக்கு மேல் காய்ந்து நின்றபடியே தீவனமாகும். வெள்வேலங்காய் கோடையில் உதிர்ந்தால் அது ஆட்டுக்குக் கூடுதல் படி. தண்ணியும் கேட்காது, உரமும் கேட்காது. கொஞ்சம் பொறுமை கேட்கும். அந்தப் பொறுமைதான் இப்போது நம்மிடம் இல்லை என்பது என் கட்சி.

"புல்லு அறுக்க அறுக்கத் தழையும்" என்று எல்லாரும் சொல்கிறோம். "முருங்கையை ஒடிச்சு வளர்" என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்கிறோம். முருங்கைக்குத் தண்டு முழுக்கச் சேமிப்பு, கணுவுக்குக் கணு மொட்டு. எங்கே ஒடித்தாலும் ஒரு கை முளைக்கும். புல்லுக்கு அப்படி இல்லை. அது எங்கே இருந்து வளர்கிறது என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், ஒரு பழைய சவர பிளேடு போதும். நல்ல பச்சையில் இருக்கிற தூரிலிருந்து ஒரே ஒரு தண்டை அடியோடு பிடுங்கி, நீளவாக்கில் கீறிப் பாருங்க. இலைமேல் இலையாகச் சுருண்டு வந்து, கடைசியில் மண்ணை ஒட்டின இடத்தில், கடுகளவு கூட இல்லாமல் வெள்ளையாக ஒரு கூர்முனை தெரியும். அதுதான் புல்லின் குருத்து முனை. இலையும் அடியிலிருந்துதான் நீள்கிறது. அதனால்தான் நுனியைக் கடித்தாலும் மிச்ச இலை மேலே தள்ளிக்கொண்டு வருது. மாடு மேய்ந்த மறுநாளே, வெட்டுப்பட்ட மொண்ணை நுனியோடு இலை ஒரு விரற்கடை உயர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க.

கதிர் வாங்கும் சமயத்தில் கதை மாறுது. தண்டு நீள நீள அந்தக் குருத்து முனையும் கூடவே மேலே ஏறிவிடும். அப்போது அறுத்தால் அந்தத் தண்டின் கணக்கு அதோடு முடிந்தது. அடிக்கணுக்களில் தூங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் எழும்பித்தான் புதுத் தண்டு வர வேண்டும். மொட்டு எழும்புவதற்கு முதல் போடணும். அந்த முதல் எங்கே இருக்கிறது?

வேரில் இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புல்லில் பெரும்பாலும் அப்படி இல்லை. மாவுச்சத்தும் சர்க்கரையும் முக்கியமாகத் தண்டின் அடிப்பாகத்தில்தான் சேருது. கொழுக்கட்டைப்புல்லுக்கு அந்த அடிப்பாகம் முடிச்சு முடிச்சாகத் தடித்துக் கிடக்கும், கையில் பிடித்தாலே தெரியும். அரிசோனாக்காரர்களைக் கடப்பாரை பிடிக்க வைத்ததும் அந்த முடிச்சுதான். அதாவது மண்ணுக்கு மேலே முதல் மூன்று நாலு விரற்கடையில்தான் புல்லின் களஞ்சியம். தரையோடு வழித்து அறுக்கிறவன் இலையோடு சேர்த்துக் களஞ்சியத்தையும் கொண்டுபோகிறான்.

இந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கு என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஆராய்ச்சியாளர்களும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள். ஒரே மாதிரி இரண்டு தூர்களை எடுத்துக்கொள்ளுங்க, ஒன்று அடிக்கடி மேய்ந்தது, ஒன்று ஓய்வில் இருந்தது. ரெண்டையும் ஒரே உயரத்தில் அறுத்து, மேலே வெளிச்சம் புகாதபடி ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் மண் அணைத்து விடுங்க. வெளிச்சம் இல்லாததால் இலை சமைக்க முடியாது. உள்ளே வெளிர் மஞ்சளாக வளர்ந்து நிற்பது அத்தனையும் பழைய சேமிப்பிலிருந்து வந்தது. பத்துப் பதினைந்து நாள் கழித்துத் திறந்தால், ஓய்வில் இருந்த தூரில் கற்றையாக நிற்கும், அடிக்கடி கடிபட்டதில் நாலு நரம்பு நிற்கும். வங்கியில் 33 வருசம் பாஸ்புக் பார்த்தவன் நான். இதைவிடத் தெளிவான பாஸ்புக்கைப் பார்த்ததில்லை.

இனி வேர். எஃப்.ஜே. கிரைடர் என்று ஒருவர், அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையில் இருந்தவர். மேலே இலையை வெட்டும்போது கீழே வேர் என்ன செய்கிறது என்பதை உட்கார்ந்து பார்த்து, 1955ல் வெளியிட்டார். மேல்பாகத்தில் 40 விழுக்காடு வரை எடுத்தபோது வேர் வளர்ச்சி நிற்கவே இல்லை. 50 எடுத்தபோதும் மிகச் சில வேர்களே நின்றன. 60 எடுத்தபோது பாதி வேர்கள் நின்றுவிட்டன. 80 எடுத்தபோது எல்லா வேர்களும் நின்று, 12 நாள் வரை அசையவில்லை. 90 எடுத்தபோது 17 நாள். பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு படுகுழி இருக்கிறது என்பதைக் கவனியுங்க. கொஞ்சம் கூட எடுத்தால் கொஞ்சம் கூட நஷ்டம் என்கிற நேர்கணக்கு இல்லை இது. பாதி வரைக்கும் புல் பொறுக்கிறது, அதைத் தாண்டினால் சடசடவென்று சரிகிறது. "பாதி எடு, பாதி விடு" என்று மேய்ச்சல் நில அதிகாரிகள் உலகம் முழுக்கச் சொல்லும் பாடத்துக்கு இது ஒரு பெரிய ஆதாரம்.

12 நாள் வேர் நின்றால் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். மழை நாட்டில் ஒன்றும் ஆகாது. எங்கள் காட்டிலோ மழை பெய்து ஈரம் நிற்பதே ஒரு வருசத்தில் சில வாரங்கள். மேல்மண் காயக் காய ஈரம் கீழே இறங்கும், வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கணும். அந்த வாரங்களில் ரெண்டு தரம் ஒட்ட மேய்ந்தால் வேருக்கு இறங்கும் பருவமே போச்சு. மேலே பார்த்தால் புல் பச்சையாகத்தான் இருக்கும். கீழே முழ ஆழம் போக வேண்டிய வேர் சாண் ஆழத்தில் நிற்கும். சித்திரை வெயில் வரும்போதுதான் குட்டு வெளிப்படும்.

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு மழை வந்தபோது எங்கள் பக்கத்தில் வேலிக்கு இந்தப் புறம் ஒரு காடு, அந்தப் புறம் ஒரு காடு. ஒரே செம்மண், ஒரே மழை. ஒன்றில் காய்ந்து கிடந்த தூர்கள் பத்து நாளில் பச்சை தட்டின. மற்றதில் தூரைக் காலால் தட்டினால் பெயர்ந்து வந்தது. அங்கே முளைத்தது கொழுஞ்சியும் துத்தியும் பார்த்தீனியமும்தான். "வறட்சியில செத்துப்போச்சு" என்றார் அந்தக் காட்டுக்காரர். சாவு வறட்சியில் நடந்தது, சரி. ஆனால் அந்தக் காட்டை வறட்சிக்கு முந்தின ரெண்டு வருசமும் ஒரு நாள் ஓய்வில்லாமல் மேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். வறட்சி வந்து கடைசிக் கையெழுத்துப் போட்டது, அவ்வளவே.

அரிசோனாப் புதிரும் இங்கே அவிழ்ந்துவிடுகிறது. அங்கே அந்தப் புல்லை மனுசன் வெட்டுவதோடு சரி, பிறகு அது மாதக்கணக்கில் தனியாக நிற்கிறது. இழந்ததை மீட்டுக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. இங்கே பத்தாவது நாள் மறுபடி ஒரு வாய் வந்து கடிக்கிறது, இருபதாவது நாள் இன்னொரு வாய். ஒரு வெட்டு இந்தப் புல்லைக் கொல்வதில்லை. மீள்வதற்கு முன்னால் விழும் அடுத்த வெட்டுதான் கொல்லும். பிரான்சில் ஆந்திரே வுவாசென் என்று ஒரு அறிஞர், தானே மாடு வைத்திருந்த விவசாயி, 1957ல் புல்லைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அதன் சாரம் ரெண்டு விசயம்: கடிபட்ட புல் முதலில் மெதுவாக வளரும், இலை போதுமான அளவு விரிந்த பிறகுதான் தாவும். அந்தத் தாவலுக்கு முன்னால் மறுபடி கடிக்க விடாதே. வளர்ச்சி மந்தமாகும் பருவத்தில் ஓய்வையும் நீட்டு. அவர் இருந்தது மழை கொட்டும் நார்மண்டி. அங்கேயே இத்தனை கணக்கு என்றால், நமக்கு எத்தனை வேண்டும்?

இதில் ஆட்டையும் மாட்டையும் பற்றி ஒரு வார்த்தை. மாடு நாக்கால் புல்லைச் சுருட்டி இழுத்துக் கடிக்கும். அதனால் தரையோடு ஒட்டிக் கடிக்க அதனால் முடியாது, ரெண்டு மூணு விரற்கடையாவது தானாக மிச்சம் நிற்கும். செம்மறிக்கு மேலுதடு பிளந்திருக்கும், வாய் சிறிசு, மண்ணில் மூக்கு தொட நறுக்கி எடுத்துவிடும். கொரங்காட்டில் மாடு முக்கால், ஆடு கால் என்று இருந்தவரை புல்லுக்குப் பாதுகாப்பு மாட்டின் நாக்கிலேயே இருந்தது. டிராக்டர் வந்து உழவு மாடு போச்சு, கலப்பினப் பசு வந்து காங்கேயம் குறைஞ்சு போச்சு. காடு முழுக்க ஆடு. ஆட்டின் மேல் எனக்குப் பகை இல்லை, நானும் 30 உருப்படி வைத்திருக்கிறேன். மாடு இருந்தபோது தானாக நடந்த காரியத்தை இப்போது நாம் முனைந்து செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் சேதி.

அடுத்ததைச் சொன்னால் நம்ம இயக்கத்து நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மூடாக்கு, மூடாக்கு என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம், சரியான பேச்சுதான். வெயில் படும் மண் செத்த மண் என்று நம்மாழ்வார் ஐயா வழியில் வந்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தென்னந்தோப்புக்கும் காய்கறிப் பாத்திக்கும் போட மூடாக்கு எங்கிருந்து வருகிறது? பக்கத்துக் கொரங்காட்டிலிருந்து டெம்போவில் வருகிறது. அதுவும் பிரஷ் கட்டர் போட்டு, தரை தெரிய வழித்த புல். ஒரு காட்டின் மூடாக்கை உரித்து இன்னொரு காட்டுக்குப் போர்த்துவதற்கு இயற்கை வேளாண்மை என்று பெயரா? புல் நிற்கிற இடத்தில் காய்ந்து சாய்ந்த தாளும் உதிர்ந்த சருகும்தான் அந்த மண்ணின் மூடாக்கு. அதை எடுத்துவிட்டால் அடுத்த மழைத் துளி நேராக மண்ணை அடிக்கும், மேல்மண் பொறுக்குத் தட்டும், தண்ணி உள்ளே போகாமல் ஓடும். உதிர்ந்த விதைக்கு ஒட்டிக்கொள்ள இடம் இருக்காது. தோப்பு மட்டையையும் களைச்செடியையும் கிளைரிசிடியாத் தழையையும் தோட்டத்துக்குள்ளேயே வளர்த்துப் போடுங்க. மேய்ச்சல் புல்லை மூடாக்குக்கு விலைக்கு வாங்காதீங்க.

பிரஷ் கட்டர் மெஷினை நான் குறை சொல்லவில்லை. ஆள் கிடைக்காத காலம். ஆனால் கருக்கருவாளால் அறுக்கிறவர் ஒரு பிடி புல்லைக் கையில் பற்றுகிறார். பற்றிய கைக்கும் மண்ணுக்கும் நடுவில் அருவாள் போகிறது, தூரில் கல் இருந்தால் அருவாள் முனை மழுங்குமே என்று கொஞ்சம் மேலேயே இழுக்கிறார். அந்தப் பயமே புல்லுக்குக் காவல். நைலான் நரம்பு போட்ட மெஷினுக்குக் கல் பயம் இல்லை. தாழ்த்திப் பிடித்தால் தூரின் தலையையே நார் நாராகக் கிழிக்கும். மெஷின்தான் வேண்டும் என்றால் பிளேடு போட்டு, அரைச் சாண் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்க. கூலிக்கு வருபவர் "இன்னும் அடியில எடுத்தா ரெண்டு கட்டு சேர்ந்து வருமுங்க" என்பார். வரும்தான். அந்த ரெண்டு கட்டு அடுத்த வருசத்தினுடையது.

இதற்கு நேர் எதிர்க்கோடியும் உண்டு. "அப்படின்னா வேலியை அடைச்சு, ஒண்ணும் விடாம பத்து வருசம் போட்டுட்டா போதும்" என்று ஒரு இளைஞர் என்னிடம் வாதம் செய்தார். தூர்ப்புல்லுக்கு அதுவும் ஆகாது. பழைய தாள் அடர்ந்து வெளிச்சத்தை மறைத்தால், அடியில் உள்ள மொட்டு எழும்பாது. தூர் நடுவில் சொட்டை விழுந்து வளையமாக நிற்கும். வாயும் புல்லும் சேர்ந்து வளர்ந்தவை, ஒன்றை விட்டு ஒன்று இல்லை. கடிக்க வேண்டும், விட்டும் வைக்க வேண்டும்.

ஆனால் இந்த விசயத்தின் முடிச்சு புல்லில் இல்லை, குத்தகைத் தாளில் இருக்கிறது.

கொரங்காட்டுச் சொந்தக்காரர்களில் பலர் இப்போது திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். காட்டை வருசக் குத்தகைக்கு ஆட்டுக்காரரிடம் விடுகிறார்கள். வருசா வருசம் யார் கூடக் கேட்கிறாரோ அவருக்கு. எங்க பக்கம் அப்படிக் குத்தகை பிடித்து மேய்க்கும் ஒருவரிடம், "தை வரைக்கும் ஒரு பக்கத்தை விட்டு வைக்கலாமே" என்றேன். அவர் சிரிச்சுட்டு, "ஏனுங்க, அடுத்த வருசம் இந்தக் காடு எனக்குன்னு யாருங்க சொன்னது? நான் உட்டு வச்சா அடுத்தவன் ஆடுதானுங்க திங்கும்" என்றார். நான் பதில் பேசவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது நியாயம். 12 மாதம் மட்டும் உரிமை உள்ளவனிடம் 10 வருசப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. குற்றம் ஆட்டுக்காரர் மேல் இல்லை, அந்தத் தாளை எழுதின முறையில் இருக்கிறது. வருசக் குத்தகை இருக்கும்வரை எந்த விஞ்ஞானியும் வந்து கொரங்காட்டைக் காப்பாற்ற முடியாது.

பணம் கொடுக்கிற இடத்திலும் இதே குருட்டுத்தனம்தான். நான் வேலை பார்த்த வங்கியில் ஆட்டுக் கடனுக்கு 20 பெட்டை, ஒரு கிடா என்று யூனிட் போட்டு, திட்ட அறிக்கை வரும். கொட்டகைக்கு இத்தனை, மருந்துக்கு இத்தனை, இன்சூரன்சுக்கு இத்தனை. தீவனத்தில் அடர்தீவனத்துக்கு மட்டும் ஒரு தொகை. மேய்ச்சலுக்கு நேரே "செலவில்லை" என்று இருக்கும். ஒரு பொருளுக்கு விலை சைபர் என்று கணக்கில் எழுதிவிட்டால், அதைக் காப்பாற்ற யாரும் காசு கேட்க முடியாது. இன்றைக்கும் தீவன அபிவிருத்தி என்றால் தண்ணி பாய்ச்சும் நேப்பியர் கரணைக்குத்தான் பேச்சு. நேப்பியர் நல்ல தீவனம், மறுக்கவில்லை. போர் வற்றிப்போன வெள்ளகோவில் மேட்டில் அதை எப்படி வளர்ப்பது?

ஆகவே காட்டுச் சொந்தக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். குத்தகையை மூன்று வருசத்துக்குக் கொடுங்க. வாடகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கொடுங்க, தரிசாகிப்போன காட்டுக்கு நாலாவது வருசம் யாரும் வாடகை தரப்போவதில்லை. காட்டை உள்வேலியோ படலோ போட்டு மூணாகப் பிரிக்கணும், ஏதாவது ஒரு பாகம் முதல் மழை விழுந்த நாளிலிருந்து விதை உதிரும் வரை அடைத்தே இருக்கணும், வருசத்துக்கு ஒரு பாகமாக அந்த ஓய்வு சுற்றி வரணும் என்று தாளில் எழுதுங்க. மற்ற பாகங்களிலும் முதல் மழைக்கு எழும்பும் இளம்பச்சைக்கு ஆட்டை விடாதிருக்கணும். அந்தப் பச்சை முழுக்க முழுக்கச் சேமிப்பை உடைத்து எழுந்தது, அது திருப்பிக் கட்டும் முன்னால் பறிபோனால் ரெண்டாவது தரம் எழும்ப முதல் இல்லை. கோடை மழைக்கு வரும் பச்சையும் இப்படித்தான், சொல்லப்போனால் இன்னும் மோசம். சித்திரையில் ஒரு உழவு மழை பெய்யும், புல் நம்பி எழும்பும், அடுத்து மழையில்லாமல் ஆடிக்காற்று வரை காயும். அந்த நேரத்தில் ஆடும் பசியில் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் தை, மாசியில் அரைச் சாண் விட்டு அறுத்துப் போர் போட்டு வைப்பது. காய்ந்து நிற்கும் புல்லை மேய்ப்பதில் ஆபத்து குறைவு, இலை தன் வேலையை முடித்துவிட்டது, அங்கே தூரின் தலையும் சருகும் மிச்சம் இருந்தால் போதும்.

உயரத்தை யார் அளப்பது என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். ஒரு தூரின் மேல் முஷ்டியை வைத்து, கட்டைவிரலை நிமிர்த்துங்க. விரல் நுனிக்குக் கீழே புல் இருந்தால் ஆட்டை அடுத்த பாகத்துக்கு ஓட்ட வேண்டியதுதான். இதற்கு ஸ்கேலும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். என் ஏழு ஏக்கரில் ஒரு பாகத்தை இந்த வருசம் இப்படித்தான் குத்தகைக்கு விட்டிருக்கிறேன், மூன்று வருசத்துக்கு. மேலே சொன்ன ஆட்டுக்காரர்தான் பிடித்திருக்கிறார். கையெழுத்துப் போடும்போது "ஓய்வு உடற வருசத்துக்கு வாடகையில கொறைப்பீங்களா" என்று கேட்டார். குறைத்தேன். கணக்குத் தெரிந்த மனுசன்.

தூர் முழுக்கச் செத்துப்போன காடுகளுக்கு ஓய்வு மட்டும் போதாது, விதை போடணும். தையில் கதிரை உருவினால் பஞ்சுப் பஞ்சாக வரும். புது விதை உடனே சரியாக முளைக்காது, அதற்கு உறக்க காலம் உண்டு. சாக்கில் கட்டிக் காற்றோட்டமாக வைத்து அடுத்த ஆவணி, புரட்டாசிக்கு எடுக்கணும். மண்ணை லேசாகக் கீறி மேலாகத் தூவினால் போதும், ஆழப் புதைந்தால் வராது. முதல் வருசம் அந்த நாற்றுகளை எந்த வாயும் தொடக்கூடாது, வேர் பிடிக்காத புல்லை ஆடு கடிக்கும்போது தூரே கையோடு வந்துவிடும். போன தையில் உருவின விதை என்னிடம் ரெண்டு சாக்கு இருக்கிறது. வேண்டுபவர்கள் நம்ம இதழ் அலுவலகத்தில் சொல்லி வைத்தால், புரட்டாசிக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன். காசு வேண்டாம், உங்கள் காட்டில் வந்தபிறகு ரெண்டு மடங்கு விதையாகத் திருப்பிக் கொடுங்க.